சங்கிலியின் கதை

சூளகிரிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள், தாண்டிப் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்கிறவர்கள் கிருஷ்ணகிரியில் காப்பி சாப்பிட்டுவிட்டு, மேலுமலைக் கணவாயில் வண்டி ஏறும்போது கண்ணயர்ந்து, ஓசூரில் கண் விழிப்பது வழக்கம். அந்தத் தூக்கத்தின் நடுவே கடந்து போகிற ஊர் அது. மலையின் உச்சி சூலத்தைப் போல் தோன்றுவதால் சூலகிரி என்று பெயர் வந்து, அதுவே சூளகிரி ஆயிற்று என்று ஊரார் சொல்லுவார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் சண்டையில்லாமல் குடியிருக்கும் ஊர். கொத்தமல்லிக்கட்டு வாசனையோடு பொழுது விடிகிற ஊர். நான் வளர்ந்ததும் அங்கேதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரியமாக அங்கே போக நேர்ந்தது. விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் ஞாயிறு காலைகளில் பெங்களூர் இளைஞர்கள் ரேஸ் சைக்கிள்களில் கூட்டமாக வருகிறார்கள். உடம்போடு ஒட்டிய சட்டை, தலையில் காளான் போல ஒரு கவசம், காலடியில் நான்கு மாதச் சம்பளம் விலையுள்ள சைக்கிள். அப்படி வந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சங்கிலி அவர் கையில் பாம்புபோல் தொங்கிற்று.

"பஞ்சரா தம்பி?" என்றேன்.

"இல்லை சார். செயின் அறுந்து போச்சு."

சாதாரண வார்த்தைகள்தாம். ஆனால் அதே ஊரில், அதே வார்த்தைகளை ஐம்பது வருஷங்களுக்கு முன்பு என் தகப்பனார் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். டீ ஆறிப் போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அருகில் இருந்த சைக்கிள் கடைக்கு அவரை அழைத்துச் சென்றேன். கடைக்காரர், நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கடையை நடத்திய பாயின் மகன். சங்கிலியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "செயின் அறுக்கலை சார். ஆணி விட்டுப்போயிருக்கு. யார் மாட்டினது?" என்றார்.

"நானேதான். நேத்து ராத்திரி, செல்போனில் பார்த்துப் பார்த்து மாட்டினேன்."

"கழற்றின ஆணியையே மறுபடி அடிச்சிருக்கீங்க. இந்த மெல்லிசு செயினில் அது நிற்காது."

பழுது பார்த்துக்கொண்டிருக்கட்டும். அதற்குள் நான் அந்தச் சங்கிலியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதையின் கடைசியில் மறுபடி இந்தக் கடைக்கே வந்துவிடலாம்.

சங்கிலி என்றதும் நமக்கு யானையும் கைதியும்தாம் நினைவுக்கு வருவார்கள். கட்டிப் போடுவதற்காகப் பிறந்த பொருள் அது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்து மூலைகளில் கல்லிலேயே சங்கிலி செதுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள் நம் சிற்பிகள். வளையத்துக்குள் வளையமாக ஒரே கல்லில் குடைந்தது. பார்த்தவர்கள் வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சங்கிலி எதையும் ஓட்டாது. ஓட்டுகிற சங்கிலி வேறு ஜாதி. அது ஒரு பல்சக்கரத்தின் பலத்தை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு பல்சக்கரத்திடம் ஒப்படைக்க வேண்டும். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரவேண்டும். நாள் முழுதும் இப்படியே போய்வர வேண்டும்.

இந்த எண்ணமும் பழையதுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே, அம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எறியும் ஒரு யுத்த யந்திரத்தில் சங்கிலி ஓடியதைக் கிரேக்கரான பிலோ எழுதி வைத்திருக்கிறார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் சீன தேசத்துக் கைஃபெங் நகரில் சூ சுங் என்ற அறிஞர் கட்டிய நீர்க்கடிகாரக் கோபுரத்தில் ஒரு சங்கிலி வானகோளத்தைச் சுழற்றியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வானத்து ஏணி'. லியொனார்டோ டாவின்சியும் பல்சக்கரத்தில் ஓடுவதற்கேற்ற சங்கிலிகளை வரைந்து வைத்தார். அந்தக் கையேடு மாட்ரிட் நூலகத்தில் எங்கோ மறைந்து கிடந்து, 1960-களில்தான் மறுபடி வெளிப்பட்டது. லியொனார்டோ சைக்கிளே வரைந்திருக்கிறார் என்று ஒரு படத்தைக் காட்டிச் சிலர் சொல்லுவதுண்டு. அது யாரோ பிற்காலத்தில் சேர்த்த கைவரிசை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் அபிப்பிராயம். சைக்கிள் போனால் போகட்டும், சங்கிலி அவருடையதுதான்.

ஆனால் சைக்கிளும் சங்கிலியும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வெகுகாலம் பிடித்தது. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் செய்த இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உதைத்து உதைத்துப் போகவேண்டும். 1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலை மாட்டினார்கள். இதில் ஒரு சங்கடம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். வேகமாகப் போகவேண்டுமானால் சக்கரம் பெரிதாக இருக்கவேண்டும். அப்படியே முன்சக்கரத்தை ஆள் உயரத்துக்கு வளர்த்தார்கள். எவனுக்குக் கால் நீளமோ அவனே வேகக்காரன்! வழியில் ஒரு கல் இடறினால் ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். பெண்களும் வயதானவர்களும் அந்த வண்டிக்கு அருகிலேயே போகவில்லை.

நம் ஊர்க் கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 48 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். வண்டி ஏறக்குறைய பத்தொன்பதரை அடி முன்னே போகும். சங்கிலி இல்லாமல் அதே பத்தொன்பதரை அடி போகவேண்டுமானால் ஆறடிக்கு மேல் உயரமான சக்கரம் வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள்: பள்ளிக்கூடப் பெண்ணும் தபால்காரரும் பால்காரரும் தரையில் கால் ஊன்றிச் சௌகரியமாக ஏறி இறங்குகிறார்களே, அது இந்த ஒன்றரை கஜம் சங்கிலி தந்த வரம்.

பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் வண்டியை 1879-ல் லாசன் என்ற ஆங்கிலேயர் செய்தார், அது எடுபடவில்லை. 1885-ல் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவில் பெடல், பின்னுக்குச் சங்கிலி. இன்றைக்கு உலகத்தில் ஓடும் சைக்கிள்களுக்கெல்லாம் அதுவே மூதாதை. லாசனுக்கும் ஸ்டார்லிக்கும் இடையே ஆறே வருஷம். அந்த ஆறு வருஷத்தில் சங்கிலியின் சரித்திரத்திலேயே பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டது. அதை நடத்தியவரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஹான்ஸ் ரெனால்டு என்பவர் சுவிட்ஸர்லாந்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடி 1873-ல் மான்செஸ்டருக்கு வந்தார். நம் நாட்டுப் பருத்தி கப்பலேறிப் போய்த் துணியாகத் திரும்பி வந்த அதே மான்செஸ்டர்தான். பக்கத்திலிருந்த ஸால்ஃபோர்டில், நெசவு யந்திரங்களுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்லேட்டரின் சிறு பட்டறையை 1879-ல் விலைக்கு வாங்கினார். மறு வருஷமே, 1880-ல், புதிய வகைச் சங்கிலி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

ரெனால்டு என்ன செய்தார் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். அதற்கு முன்னிருந்த சங்கிலிகளில் ஆணி நேரே தகட்டின் துளையில் உராயும். தகடோ மெல்லியது. மனிதனின் முழுப் பலமும் அந்த மெல்லிய விளிம்பில் வந்து இறங்கும். கொஞ்ச நாளில் ஆணியில் பள்ளம் விழும், துளை அகலும், சங்கிலி தளரும். ரெனால்டு உள்தகடுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு குழலைப் பொருத்தினார். ஆணி அந்தக் குழலுக்குள் திரும்பும்படி செய்தார். இதனால் விளிம்பில் விழுந்த சுமை ஆணியின் நீளம் முழுவதும் பரவிற்று. குழலுக்கு வெளியே ஓர் உருளை. அது பல்லின்மேல் உரசாமல் உருண்டு இறங்கும். அவ்வளவுதான். பார்ப்பதற்கு வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. மாற்றம் முழுவதும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. அவர் சங்கிலிக்குப் பலம் சேர்த்தார் என்பதைவிட, தேய்மானத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார் என்று சொல்வதே பொருத்தம்.

என் அப்பாவின் சைக்கிள் சங்கிலியில் 112 கண்ணிகள். ஒவ்வொன்றும் அரை அங்குலம். 112 ஆணி, 112 குழல், 112 உருளை, 224 தகடு. கூட்டிப் பாருங்கள், 560 உறுப்புகள்! ஒரு கல்யாணக் கூட்டத்தில் இத்தனை பேர் இருந்தால் எத்தனை மனத்தாங்கல் வரும்! இவை ஒன்றோடொன்று இணைந்து வருஷக்கணக்கில் ஓடுகின்றன.

இந்தச் சங்கிலி நம் தமிழ்நாட்டுக்கு வந்த வழியும் ரஸமானது. அதற்கு முதலில் ஆகாயத்துக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் தேதி விமானத்தில் பறந்தார்கள். யந்திரத்திலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் பலத்தைக் கொண்டுபோனவை சங்கிலிகள்தாம். இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்றவேண்டும் என்பதற்காக ஒரு சங்கிலியை மட்டும் எட்டுப் போல் குறுக்கே மாற்றிப் போட்டார்கள். சைக்கிள் கடைக்காரருக்குத்தான் அந்த யோசனை தோன்றும்! அந்தச் சங்கிலிகளைச் செய்தது இண்டியானாபோலிஸ் நகரத்தில் 1890-ல் தொடங்கிய சங்கிலிக் கம்பெனி என்பார்கள். பிற்பாடு 'டயமண்ட் செயின்' என்று பெயர் பெற்றது அதுவே.

இங்கே நம் நாட்டில் அப்போதெல்லாம் சைக்கிள் என்றால் கப்பலில் வந்த சீமைச் சரக்குத்தான். சுதந்திரம் வந்தபின் நிலைமை மாறிற்று. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் சைக்கிள் தொழிலைத் தொடங்கினார்கள்; அம்பத்தூரில் தொழிற்சாலை எழும்பியது. சட்டமும் சக்கரமும் செய்தால் போதுமா? சங்கிலி வேண்டாமா? 1960-ல் அதே இண்டியானாபோலிஸ் டயமண்ட் கம்பெனியின் கூட்டுறவோடு 'டி.ஐ. டயமண்ட் செயின்' அம்பத்தூரில் பிறந்தது. கூட்டு முயற்சிகளைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது நமக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஆணியும் குழலும் ஒரே அளவில் லட்சக்கணக்கில் செய்வதென்பது எளிதான வித்தையல்ல. அந்த வித்தை நம் ஊர்த் தொழிலாளியின் கைக்கு வந்த வருஷம் அது.

அதன்பிறகு சூளகிரிப் பக்கத்திலும் காலம் ஓட ஆரம்பித்தது. மானாவாரியும் புளியந்தோப்புமாக இருந்த ஓசூர், 1970-களில் சிப்காட் பேட்டை வந்தபின் யந்திர நகரமாயிற்று. 1980-ல் ஓசூரிலிருந்து 'டி.வி.எஸ். 50' மொபெட் புறப்பட்டது. இருபுறமும் கொத்தமல்லிக் கட்டு, நடுவில் குடியானவர், பின்னால் அவர் சம்சாரம், இவர்கள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போவது ஒரு சங்கிலி! இன்றைக்கு ஓசூரில் செய்யும் மின்சார ஸ்கூட்டர்களில் சிலவற்றுக்குச் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். சங்கிலி என்ற பேச்சே இல்லை. இருந்தாலும் சங்கிலியின் வேலை முடிந்துவிடவில்லை. 1991-ல் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்களே, அந்தப் புரட்சி ஓடியது சங்கிலியில்தான். காலை எட்டரை மணிக்குச் சூளகிரிச் சாலையில் நின்று பாருங்கள். சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். பாதிச் சைக்கிளின் சங்கிலி 'கிறீச் கிறீச்' என்று எண்ணெய்க்கு அழும்.

எண்ணெய் என்றதும் என் குருநாதர் நினைவுக்கு வருகிறார். இப்போது 1968-ஆம் வருஷத்துக்குப் போகவேண்டும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய கறுப்பு சைக்கிளின் சங்கிலி தேய்ந்து, ஏற்றத்தில் பல் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தது. பாய் கடையில் புதுச் சங்கிலி வாங்கிக்கொண்டு வந்தார். மாட்டுக் கூலி எட்டணா. "எதற்கப்பா எட்டணா? நான் மாட்டித் தருகிறேன்" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றார். ஒரு மத்தியானம் முழுதும் கையெல்லாம் மையாக்கிக்கொண்டு மாட்டினேன். இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியைச் செருகி, அதன் மேல்தகட்டை வைத்து, தகடு கழன்று வராமலிருக்கப் போடும் சின்ன லாக்கைக் குறட்டால் அழுத்தினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. அம்மா பார்த்துப் பெருமைப்பட்டாள். அப்பா தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "பேஷ்" என்றார்.

நான்காம் நாள் சாயங்காலம் கிருஷ்ணகிரி அத்தை வீட்டிலிருந்து தந்தி வந்தது. பாட்டிக்கு அபாயம், உடனே புறப்படவும். அந்த வேளைக்கு மேல் பஸ் கிடையாது. பதினாறு மைல். ஒன்பதேகால் மணிக்கு அப்பா சைக்கிளில் கிளம்பினார். டைனமோ விளக்கு மலை வளைவில் மறைகிற வரையில் நானும் அம்மாவும் திண்ணையில் நின்றோம். பதினொரு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

மேலுமலை இறக்கத்தில் பெடல் மிதிக்க வேண்டிய அவசியமில்லை. வண்டி தானாகவே பறக்கும். இறக்கம் முடிந்து சமதளத்தில் அப்பா மறுபடி மிதித்தபோது கால் வெறுமனே சுழன்றது. இறங்கித் தடவிப் பார்த்தால் சங்கிலி இல்லை. இருட்டில் அரை மணி நேரம் தேடிச் சற்றுத் தூரம் பின்னால் கண்டெடுத்தார். இணைக்கும் கண்ணியும் லாக்கும் கிடைக்கவில்லை. இரண்டு லாரிகளுக்குக் கை காட்டினார், நிற்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மீதி எட்டு மைலும் நடந்தார். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பாட்டி பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டாள். அதுவரையில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதெல்லாம் அத்தை அம்மாவிடம் சொல்லி, நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது. அப்பா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"செயின் என்ன ஆச்சுப்பா?" என்று கேட்டேன்.

"அறுந்து போச்சுடா. செயின் என்றால் சில சமயம் அறும்" என்றார்.

காரியங்கள் முடிந்தபின் சைக்கிளைப் பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாய் சங்கிலியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் உருட்டிப் பார்த்தார். ஒரு தகடுகூட உடையவில்லை.

"லாக்கை எப்படிப் போட்டே தம்பி? வாய் எந்தப் பக்கம்?"

"முன்பக்கம் பாய். வாய் முன்னால் இருந்தால்தானே கெட்டியாகப் பிடிக்கும்?"

பாய் பதில் சொல்லவில்லை. செயின் கவரின் உட்பக்கத்தைத் தடவினார். நான் குரங்குப் பெடல் கற்றுக்கொண்ட நாளில் கீழே போட்டு நசுக்கிய இடம் அது. அங்கே இரும்பு உரசிப் பளபளவென்று ஒரு கோடு இருந்தது. புதிதாக ஒரு லாக் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அப்பா, "ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கடைக்குப் போ. வேலை கற்றுக்கொள்" என்றார். வாத்தியார் பிள்ளை சைக்கிள் கடைக்கு வேலை கற்கப் போவதா என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா கேட்கவில்லை.

"முதலில் லாக்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கார் வாத்தியார்" என்று பாய் தொடங்கினார். உள்ளங்கையில் லாக்கை வைத்துக் காட்டினார். "இது என்ன மாதிரி இருக்கு? மீன் மாதிரி இல்லை? இந்த மூடின பக்கம் தலை. இந்தப் பிளந்த பக்கம் வால். மீன் எப்படிப் போகும்? தலை முன்னால், வால் பின்னால். மேல்பக்கச் செயின் முன்னால்தானே ஓடுது? அப்போ தலை முன்பக்கம் பார்க்கணும். மாற்றிப் போட்டால், எதிலாவது உரசுகிறபோது பிளந்த வாய் போய் இடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்துடும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. பாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எண்ணெய்க் கிண்ணத்தை எடு தம்பி" என்றார்.

அன்று முதல் இரண்டு வருஷம் போனேன். பாய் கற்றுக்கொடுத்தது சைக்கிள் வித்தை முழுதும்தான். ஆனால் சங்கிலியை மறக்கவே விடவில்லை. "செயின் இழுத்துப் போச்சு என்பாங்க. இரும்பு இழுக்குமா தம்பி? ஆணி தேயுது, குழல் தேயுது. 112 இடத்திலே கொஞ்சம் கொஞ்சம். மொத்தமாப் பார்த்தா நீளமாத் தெரியுது" என்பார். இரும்பு அடிக்கோலை ஓர் ஆணியின் நடுவில் வைப்பார். அங்கிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் ஆணியின் நடு விழவேண்டும். வீசம் அங்குலம் தள்ளி விழுந்தால் சங்கிலியை மாற்றவேண்டும். அரைக்கால் அங்குலம் தள்ளிப் போயிருந்தால் பல்சக்கரமும் கெட்டுப் போயிருக்கும். நீண்ட சங்கிலிக்கு ஏற்றபடி பல்லும் கொக்கியாக வளைந்து தேய்ந்திருக்கும். அதில் புதுச் சங்கிலி போட்டால் நிற்காமல் குதிக்கும். வீசம் அங்குலத்தை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆணியில் தேய்வது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனந்தான். அதற்குள் சங்கிலியின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

எண்ணெய் போடுவதிலும் பாய்க்கு ஒரு முறை உண்டு. டால்டா டின்னில் மண்ணெண்ணெய் விட்டுச் சங்கிலியை அலசி, துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துவார். பிறகு ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கால் மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, வெளியே இருக்கிற எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுவார். "மேலே பளபளன்னு எண்ணெய் இருந்தா ரோட்டுப் புழுதி எல்லாம் விருந்துக்கு வந்துடும். வேலை நடக்கிறது உள்ளே. எண்ணெய் அங்கே இருந்தாப் போதும்" என்பார். லாரியில் வடித்த பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். அதில் அரைபட்ட இரும்புத்தூள் இருக்கிறதல்லவா?

பாய் படிக்காதவர். ஆனால் 1999-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் சைக்கிள் சங்கிலியைச் சோதித்து, காலின் பலத்தில் 98.6 சதவிகிதம் வரை அது சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது என்று கண்டார்கள். சுத்தமான சோதனைச் சாலையில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லையாம். அப்படியானால் எண்ணெயின் வேலை என்ன? இடுக்குகளை நிரப்பித் தூசியை உள்ளே விடாமல் காப்பதே என்றார்கள். படித்தபோது பாயின் டால்டா டின் என் கண்முன் நின்றது.

சரி, இளைஞரின் சைக்கிளுக்கு வருவோம். நான் கதை சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டார். இந்த ரேஸ் சைக்கிள் சங்கிலி நம்முடையதற்குத் தங்கை மாதிரி, மெலிந்த உடம்பு. பின்னால் பத்துப் பன்னிரண்டு பல்சக்கரங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்க, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பக்கவாட்டில் தாவவேண்டும். அதற்காக ரெனால்டின் தனிக் குழலை எடுத்துவிட்டு, உள்தகட்டின் துளை விளிம்பையே உள்பக்கம் குவித்துக் குழலாக்கியிருக்கிறார்கள். நீளம் பார்ப்பதற்கு முறை இது: முன்னால் மிகப் பெரிய பல்சக்கரம், பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம், இரண்டின் மேலும் சங்கிலியை நேராகப் போர்த்தி, முனைகள் சேருகிற இடத்துக்கு மேல் ஓர் அங்குலம் கூட விட்டு வெட்டவேண்டும். குறைத்து வெட்டினால் ஏதாவது ஒரு கியரில் பின்பக்கக் கருவியையே பிய்த்துவிடும். நம் சைக்கிளுக்கோ அந்தத் தொல்லை இல்லை. பின்சக்கரத்து நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, சங்கிலியின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஏறி இறங்கும்படி வைத்து முடுக்கினால் போதும்.

கடைக்காரர் பெட்டியைத் துழாவி, மெல்லிசுச் சங்கிலிக்கென்றே வரும் இணைப்புக் கண்ணி ஒன்றை எடுத்தார். பெங்களூர்க்காரர்கள் வர ஆரம்பித்தபின் வாங்கி வைத்தாராம். இரு முனைகளையும் அதில் சேர்த்து, பெடலை ஓங்கி மிதித்தார். 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் மட்டும் மாறவில்லை.

இளைஞர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், செயினைப் பற்றி இவ்வளவு தெரிஞ்சு வைச்சிருக்கீங்களே, நீங்க கம்பெனியில் என்ஜினீயரா?"

"இல்லை தம்பி. எங்கப்பா கற்றுக்கொடுத்தார்" என்றேன்.

கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவருடைய வாப்பா அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ, என்னவோ. ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா 1991-ல் காலமானார். கடைசி வரையில் அந்த இரவைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வந்ததில்லை. நான் கேட்க நினைத்த நாட்கள் உண்டு. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய சைக்கிள் இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஓட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தாழ்வாரத்தில் அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். 112 சொட்டு. லாக் வருகிறபோது பெடலை நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்ப்பேன். மீனின் தலை முன்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் அடுத்த சொட்டு.